‘இங்’கில் முடியும் ஆங்கிலச் சொல்: தொழிற்பெயரா, எச்சமா?

சித்திரைத் திருவிழா நிகழ்ச்சி நிரலில் கொடியேற்றம், திருக்கல்யாணம், தேரோட்டம், எதிர்சேவை என்று வரிசையாக வந்து, ‘கள்ளழகர் வைகை ஆற்றில் இறங்குதல்’ என்று ஒரு வரி இருக்கும். மதுரைக்காரர் யாரும் அந்த வரியை ‘ஆற்றில் இறங்கும் அழகர்’ என்பதோடும் ‘அழகர் ஆற்றில் இறங்கிக்கொண்டிருக்கிறார்’ என்பதோடும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்லை. முதலாவது ஒரு நிகழ்ச்சியின் பெயர். இரண்டாவது, அழகர் என்ற பெயருக்கு முன்னால் அடையாக நிற்கிறது. மூன்றாவது, கண்ணெதிரே நடக்கிற செயல், அதில் ‘இறங்கிக்கொண்டு’ என்ற பகுதி ‘இருக்கிறார்’ என்ற வினையோடு ஒட்டி நிற்கிறது. பள்ளியில் தொழிற்பெயர், பெயரெச்சம், வினையெச்சம் என்று படித்தோமே, அவைதான் இவை.

ஆங்கிலத்தில் ஜெரண்ட் எது, பிரசென்ட் பார்ட்டிசிபிள் எது என்று கேட்கும் கேள்வியும் இந்த வேறுபாட்டைத்தான் கேட்கிறது. ஜெரண்ட் என்பது செயலின் பெயர். பார்ட்டிசிபிள் என்பது எச்சம். தமிழ் மூன்று உருவத்தில் காட்டுவதை ஆங்கிலம் ‘இங்’ என்ற ஒரே உருவத்தில் காட்டிவிடுவதால்தான் சிக்கல் வருகிறது. கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் இதை முழுக்க ஆங்கில விதியாகவே மனப்பாடம் செய்யப் பார்க்கிறார்கள். வேண்டாம். தமிழ் வழியில் படித்தவருக்கு இந்த இடத்தில் குறைவு எதுவும் இல்லை, கூடுதல் வசதிதான் இருக்கிறது. தாய்மொழியை உரைகல்லாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த உரைகல் எந்தெந்த இடத்தில் தவறாகக் காட்டும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் அந்த இடங்களில்தான் என்பதால் அவற்றை இங்கே விரிவாகவே சொல்கிறேன்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஒரு நோட்டை எடுத்து, அவற்றை ஆங்கில எழுத்தில் எழுதி, ‘இங்’ சொல்லுக்கு அடியில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். வெறுமனே படித்துக்கொண்டு போனால் இது மனத்தில் தங்காது.

ஒரே உருவம் எப்படி வந்தது?

ஆங்கிலத்திலும் இவை ஒரு காலத்தில் தனித்தனியாகத்தான் இருந்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் செயலின் பெயருக்கு ‘உங்’ அல்லது ‘இங்’ என்ற விகுதி, எச்சத்துக்கு ‘எண்டே’ என்ற விகுதி. இடைக்கால ஆங்கிலத்தில் எச்ச விகுதி மெல்ல மெல்ல மாறி, அதுவும் ‘இங்’ ஆகிவிட்டது. ஆங்கிலத்துக்கு உறவான ஜெர்மன் மொழியில் ‘உங்’ பெயருக்கும் ‘எண்ட்’ எச்சத்துக்குமாக இன்றும் பிரிந்தே இருக்கின்றன. ஆகவே இந்த வேறுபாடு இலக்கண ஆசிரியர்கள் வேண்டுமென்றே உண்டாக்கிய தொல்லை அல்ல. உருவம் ஒன்றாகிவிட்டது, வேலை இரண்டாகவே இருக்கிறது. சொல்லின் உருவத்தைப் பார்த்துப் பயன் இல்லை, வாக்கியத்தில் அது செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

முதலில் சிலவற்றைக் கழித்துவிடுங்கள்

‘இங்’ என்று முடிவதெல்லாம் வினையிலிருந்து வந்ததல்ல. கிங், திங், நத்திங், மார்னிங் போன்றவற்றை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். பில்டிங், மீட்டிங், பெயிண்டிங் ஆகியவை வினையிலிருந்து வந்தாலும் முழுப் பெயர்ச்சொல்லாகவே ஆகிவிட்டவை. ‘பில்டிங்ஸ்’ என்று பன்மை போட முடிகிறதா, முன்னால் ‘எ’ சேர்க்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அது சாதாரண நவுன். ‘த பில்டிங் ஆஃப் த டேம்’ என்பதுபோல முன்னால் ‘த’வும் பின்னால் ‘ஆஃப்’பும் வந்தாலும் அதை ‘வெர்பல் நவுன்’ என்று பல பாடநூல்கள் தனியாகப் பிரிக்கின்றன. ஜெரண்ட்டோ பெயராக நின்றாலும் வினைக்குணத்தை விடாது, ‘பில்டிங் டேம்ஸ்’ என்று ‘ஆஃப்’ இல்லாமலே செயப்படுபொருளை எடுத்துக்கொள்ளும். தமிழிலும் ‘அணை கட்டுதல்’ என்கிறோம் அல்லவா, அப்படி.

தமிழில் சொல்லிப் பாருங்கள்

இனி உரைகல்லுக்கு வருவோம். ‘இங்’ சொல் வருகிற வாக்கியத்தைத் தமிழில் இயல்பாகச் சொல்லுங்கள். அந்தச் சொல் தமிழில் எந்த முடிவோடு வருகிறது என்று கவனியுங்கள்.

‘தல்’, ‘அம்’, ‘பு’, ‘சி’, ‘கை’ என்ற விகுதியோடு வந்தால், அல்லது அன்றாடப் பேச்சில் இவற்றுக்குப் பதிலாக நாம் சொல்லும் ‘வது’, ‘பது’ என்று வந்தால், அது தொழிற்பெயர், ஆகவே ஜெரண்ட். ‘கிற’, ‘உம்’ என்று முடிந்து அடுத்த பெயரைத் தழுவினால் பெயரெச்சம், ஆகவே பார்ட்டிசிபிள். ‘கொண்டு’, ‘படி’ என்று இன்னொரு வினையோடு ஒட்டிக்கொண்டு வந்தாலும் பார்ட்டிசிபிள்தான்.

கோயில் வாசலில் மல்லிகைப் பூ விற்கும் அம்மா ஒருவரை வைத்தே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

‘செல்லிங் ஜாஸ்மின் இஸ் ஹர் லைவ்லிஹுட்.’ மல்லிகை விற்பது அவருடைய பிழைப்பு. தொழிற்பெயர். ஜெரண்ட்.

‘த உமன் செல்லிங் ஜாஸ்மின் நோஸ் மீ.’ மல்லிகை விற்கும் அம்மாவுக்கு என்னைத் தெரியும். பெயரெச்சம். பார்ட்டிசிபிள். தமிழில் பெயரெச்சம் எப்போதும் பெயருக்கு முன்னால் நிற்கும், ஆங்கிலத்தில் இப்படிப் பின்னாலும் நிற்கும். இடம் மாறியிருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம்.

‘ஷீ இஸ் செல்லிங் ஜாஸ்மின்.’ விற்றுக்கொண்டிருக்கிறார். பார்ட்டிசிபிள்.

‘ஷீ சாட் தேர் செல்லிங் ஜாஸ்மின்.’ விற்றபடி உட்கார்ந்திருந்தார். பார்ட்டிசிபிள்.

‘ஷீ என்ஜாய்ஸ் செல்லிங் ஜாஸ்மின்.’ விற்பதை விரும்பிச் செய்கிறார். தொழிற்பெயர் இரண்டாம் வேற்றுமை ஏற்று வந்திருக்கிறது. ஜெரண்ட். என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ், சஜெஸ்ட், மைண்ட் ஆகிய வினைகளுக்குப் பின்னால் வருவதெல்லாம் இந்த வகைதான்.

சந்தேகம் தீரவில்லையா? ‘இங்’ தொடரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘ஷீ என்ஜாய்ஸ் இட்’ சரியாக நிற்கிறது. ‘ஷீ சாட் தேர் இட்’ நிற்கவில்லை. பெயர் இருந்த இடத்தில்தான் ‘இட்’ உட்காரும்.

முன்னால் நிற்கும் சொல்லைப் பாருங்கள்

உரைகல் தவறாகக் காட்டும் முதல் இடம் இதுதான். ‘ஷீ எஜுகேட்டட் ஹர் சன் பை செல்லிங் ஜாஸ்மின்.’ இதைத் தமிழில் எப்படிச் சொல்வோம்? மல்லிகை விற்று மகனைப் படிக்க வைத்தார். ‘விற்று’ என்பது வினையெச்சம். அதை நம்பிப் பார்ட்டிசிபிள் என்று எழுதினால் தவறு. ஆங்கிலத்தில் இது ஜெரண்ட்.

காரணம் எளிது. ‘பை’ ஒரு ப்ரெபொசிஷன். ப்ரெபொசிஷனுக்குப் பின்னால் பெயர்தான் வர வேண்டும் என்பது ஆங்கிலத்தின் ஏற்பாடு. தமிழில் அந்த வேலையை எச்சங்களே செய்துவிடுவதால் நமக்குத் தொழிற்பெயர் கண்ணில் படுவதில்லை. ‘வித்தவுட் லுக்கிங்’ என்பதைப் ‘பார்க்காமல்’ என்கிறோம். ‘ஆஃப்டர் ஈட்டிங்’ என்பதைச் ‘சாப்பிட்ட பிறகு’ என்கிறோம். இரண்டிலும் தமிழில் எச்சம், ஆங்கிலத்தில் ஜெரண்ட்.

ஆகவே உரைகல்லில் உரைப்பதற்கு முன்பே, ‘இங்’ சொல்லுக்கு முன்னால் என்ன நிற்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள். பை, வித்தவுட், ஆஃப், ஃபார், இன், ஆன், அட், அபவுட், ஃப்ரம், ஆஃப்டர், பிஃபோர் ஆகியவற்றில் ஒன்று நின்றால் மேலே யோசிக்க வேண்டாம், ஜெரண்ட் என்று எழுதுங்கள்.

‘வைல்’, ‘வென்’ என்ற இரண்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. ‘வைல் க்ராசிங் த ரோட்’ என்பதில் ‘க்ராசிங்’ பார்ட்டிசிபிள். ப்ரெபொசிஷனா இல்லையா என்று கண்டுபிடிக்க, அந்தச் சொல்லுக்குப் பின்னால் ‘லன்ச்’ என்று ஒரு வெறும் பெயரைப் போடுங்கள். ஆஃப்டர் லன்ச், பிஃபோர் லன்ச், வித்தவுட் லன்ச் எல்லாம் பொருந்துகின்றன. ‘வைல் லன்ச்’ என்று யாரும் சொல்வதில்லை. அது ஒரு முழு வாக்கியத்தை எதிர்பார்க்கும் சொல். ‘வைல் ஐ வாஸ் க்ராசிங்’ என்பதில் நடுவில் இருந்த இரண்டு சொற்கள் போய்விட்டன, அவ்வளவுதான்.

‘டு’ என்ற சொல் தனியாகக் கவனிக்க வேண்டியது. ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’ என்பதில் வரும் ‘டு’ ப்ரெபொசிஷன். வேலை விண்ணப்பக் கடிதங்களில் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று எழுதிவிடுகிறார்கள், ‘ஹியரிங்’ என்று இருக்க வேண்டும். இங்கும் ‘லன்ச்’ கைகொடுக்கும். ‘லுக் ஃபார்வர்ட் டு லன்ச்’ சரியாக இருக்கிறது, ஆகவே அடுத்து வினை வந்தால் ஜெரண்ட்டாகத்தான் வரும். ‘ஐ வாண்ட் டு லன்ச்’ என்று சொல்ல மாட்டோம், ஆகவே அங்கே ‘ஐ வாண்ட் டு மீட்’ என்று வெறும் வினை. ‘ஐ யூஸ்ட் டு கெட் அப் அட் ஃபைவ்’ என்றால் முன்பெல்லாம் ஐந்து மணிக்கு எழுவேன், இப்போது இல்லை என்று பொருள். ‘ஐ ஆம் யூஸ்ட் டு கெட்டிங் அப் அட் ஃபைவ்’ என்றால் ஐந்து மணிக்கு எழுவது எனக்குப் பழக்கம். ஒரு ‘இங்’கில் பொருளே மாறிவிடுகிறது.

‘இஸ்’ஸுக்குப் பின்னால் வந்தால்

‘இஸ்’, ‘வாஸ்’ வந்தாலே பார்ட்டிசிபிள் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த இரண்டையும் பாருங்கள். ‘ஹீ இஸ் ட்ரைவிங் எ ஷேர் ஆட்டோ.’ ‘ஹிஸ் ஜாப் இஸ் ட்ரைவிங் எ ஷேர் ஆட்டோ.’

தமிழில் சொன்னாலே பிரிந்துவிடும். அவர் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருக்கிறார். அவருடைய வேலை ஷேர் ஆட்டோ ஓட்டுவது. இன்னும் உறுதி வேண்டுமானால் வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். ‘ட்ரைவிங் எ ஷேர் ஆட்டோ இஸ் ஹிஸ் ஜாப்’ என்று திருப்பினாலும் பொருள் கெடவில்லை, அது ஜெரண்ட். ‘ட்ரைவிங் எ ஷேர் ஆட்டோ இஸ் ஹீ’ என்பது பொருளற்றுப் போகிறது, அது பார்ட்டிசிபிள்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘ஐ ஆம் ஹேவிங் டூ ப்ரதர்ஸ்’, ‘ஐ ஆம் நோயிங் ஹிம்’ என்று பேசும் பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. தமிழில் ‘எனக்கு இரண்டு தம்பிகள் இருந்துகொண்டிருக்கிறார்கள்’ என்றா சொல்கிறோம்? ‘இருக்கிறார்கள்’, ‘தெரியும்’ என்றுதானே சொல்கிறோம்? தமிழில் ‘கொண்டிரு’ ஒட்டாத இடத்தில் ஆங்கிலத்திலும் ‘இங்’ போடாதீர்கள். எல்லா இடத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்ல முடியாது, ஆனால் இந்த இரண்டு பிழைகளும் போய்விடும்.

குடிநீரும் ஓடும் ரயிலும்

‘இங்’ சொல் ஒரு பெயருக்கு முன்னால் நின்றால் என்ன செய்வது? இந்தப் பாடத்திலேயே நுணுக்கமான பகுதி இது. ‘ட்ரிங்கிங் வாட்டர்’ என்பதைப் பற்றி மாணவி ஒருவர் ஒருமுறை விடாமல் வாதாடினார். “குடிக்கும் நீர் என்றால் பெயரெச்சம்தானே சார்? குடிநீர் என்றால் வினைத்தொகை. அதுவும் மறைந்து நிற்கும் பெயரெச்சம்தானே? அப்புறம் எப்படி ஜெரண்ட் ஆகும்?” என்று கேட்டார். தமிழ் இலக்கணப்படி அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தவறில்லை. தமிழ்ப் பெயரெச்சம் பரந்த மனம் கொண்டது. ‘குடிக்கும் குழந்தை’ என்றும் சொல்லலாம், ‘குடிக்கும் நீர்’, ‘குடிக்கும் குவளை’, ‘குடிக்கும் நேரம்’ என்றும் சொல்லலாம். செய்பவர், செயப்படுபொருள், கருவி, காலம் எதுவானாலும் ஏற்றுக்கொள்ளும். ஆங்கிலப் பார்ட்டிசிபிளுக்கு அந்த விரிவு கிடையாது. பெயருக்கு முன்னால் அது அடையாக நின்றால், அந்தப் பெயரே அந்தச் செயலைச் செய்ய வேண்டும்.

ஆகவே இந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அந்தப் பொருள் அந்தச் செயலைச் செய்கிறதா, அல்லது அந்தச் செயலுக்காக இருக்கிறதா? நீர் குடிக்கிறதா? இல்லை, குடிப்பதற்காக இருக்கிறது. ஜெரண்ட். ‘ஸ்லீப்பிங் சைல்ட்’ என்பதில் குழந்தை தூங்குகிறது. பார்ட்டிசிபிள். ‘ஸ்லீப்பிங் பேக்’ என்பதில் பை தூங்கவில்லை, தூங்குவதற்காக இருக்கிறது. ஜெரண்ட். ‘பாய்லிங் வாட்டர்’ என்பதில் நீரே கொதிக்கிறது, பார்ட்டிசிபிள். ‘பாய்லிங் பாயிண்ட்’ என்பதில் புள்ளி கொதிப்பதில்லை, ஜெரண்ட். தமிழிலும் அதைக் ‘கொதிநிலை’ என்கிறோம்.

இதைப் பழகுவதற்கு மதுரை ரயில் நிலையத்தைவிட நல்ல இடம் தெரியவில்லை. வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் பலகைகளைப் படித்துப் பாருங்கள். பார்க்கிங், புக்கிங் ஆபீஸ், வெயிட்டிங் ஹால், ட்ரிங்கிங் வாட்டர். அலுவலகம் எதையும் பதிவு செய்துகொண்டு நிற்கவில்லை, கூடம் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. எல்லாம் எதற்கான இடம் என்று சொல்லும் பெயர்கள், எல்லாம் ஜெரண்ட். பக்கத்தில் உள்ள தமிழைப் பாருங்கள். ‘வாகனம் நிறுத்துமிடம்’ என்று பெயரெச்சத்தில் சொல்கிறோம். நிறுத்துவது இடம் அல்ல, நாம். இப்போது ‘டூ நாட் போர்ட் எ மூவிங் ட்ரெயின்’ என்ற எச்சரிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடும் ரயிலில் ஏறாதீர்கள். ரயிலே ஓடுகிறது. பார்ட்டிசிபிள். ‘நிறுத்துமிடம்’, ‘ஓடும் ரயில்’ இரண்டும் தமிழில் பெயரெச்சம்தான், ஆனால் ஆங்கிலத்தில் முதலாவது ஜெரண்ட், இரண்டாவது பார்ட்டிசிபிள்.

புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போகிறவர்கள் அங்கே உட்கார்ந்து இதையே தொடரலாம். ரீடிங் ரூம், ரீடிங் டேபிள், ரைட்டிங் பேட் எல்லாம் ஜெரண்ட்.

காதாலும் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஜெரண்ட் சேர்ந்த தொடரில் அழுத்தம் முதல் சொல்லில் விழும். பார்ட்டிசிபிள் வந்தால் இரண்டாவது சொல்லுக்கும் முழு அழுத்தம் கிடைக்கும். ‘டான்சிங் டீச்சர்’ என்பதை ‘டான்சிங்’கில் அழுத்திச் சொன்னால் நடனம் கற்பிப்பவர். ‘டீச்ச’ரிலும் அழுத்திச் சொன்னால் ஆடுகிற ஆசிரியர்.

எல்லைக்கோட்டில் நிற்பவையும் சில உண்டு. ‘வாஷிங் மெஷின்’ துவைப்பதற்கான இயந்திரமா, துவைக்கும் இயந்திரமா? இயந்திரம்தானே துவைக்கிறது என்று கேட்டால் அதிலும் நியாயம் இருக்கிறது. அழுத்தம் முதல் சொல்லில் விழுவதால் ஜெரண்ட் என்று கொள்வதே வழக்கம். இப்படிப்பட்ட வழக்குகள் இருப்பதால்தான், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் 2002இல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கண நூலில் ரோட்னி ஹடில்ஸ்டனும் ஜெஃப்ரி புல்லமும் இரண்டையும் பிரிக்காமல் ‘ஜெரண்ட் பார்ட்டிசிபிள்’ என்று ஒரே பெயரில் அடக்கிவிட்டார்கள். மொழியியல் படிக்கப் போகிறவர்கள் அந்த வாதத்தை அவசியம் படிக்க வேண்டும். ஆனால் நம் பாடநூல்களும் தேர்வுகளும் பழைய பிரிவைத்தான் பின்பற்றுகின்றன. வாக்கியத்தில் எது பெயர், எது அடை என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் வருவதற்கும் பழைய பிரிவே உதவும் என்பது என் உறுதியான கருத்து. தொடக்கத்தில் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

‘இன்ட்ரஸ்டிங்’, ‘போரிங்’ பற்றியும் ஒரு சொல். இவை பார்ட்டிசிபிளாகப் பிறந்து முழு அட்ஜெக்டிவ் ஆகிவிட்டவை. முன்னால் ‘வெரி’ சேரும். அந்தப் பொருளே அந்த உணர்வை உண்டாக்குகிறது என்பதால் ‘த க்ளாஸ் இஸ் போரிங்’, அனுபவிக்கிறவர் ‘ஐ ஆம் போர்ட்’. ‘ஐ ஆம் போரிங்’ என்றால் என்னோடு பழகுபவர்களுக்குச் சலிப்பு வருகிறது என்று பொருள்.

பார்த்தேன், கேட்டேன் என்று வந்தால்

தமிழை நம்பி ஏமாறும் இன்னொரு இடம். ‘ஐ சா ஹிம் க்ராசிங் த ரோட்.’ தமிழில் இயல்பாகச் சொன்னால், அவர் சாலையைக் கடப்பதைப் பார்த்தேன். ‘கடப்பதை’ என்பது தொழிற்பெயர். ஆனால் மரபு இலக்கணப்படி ஆங்கிலத்தில் இது பார்ட்டிசிபிள். நான் பார்த்தது அவரை, அவர் அப்போது கடந்துகொண்டிருந்தார் என்று ஆங்கிலம் பிரித்துக் காண்கிறது. சீ, ஹியர், வாட்ச், நோட்டிஸ், ஃபைண்ட் ஆகிய வினைகளுக்குப் பின்னால் ஓர் ஆளும் அடுத்து ஓர் ‘இங்’கும் வந்தால் இப்படித்தான்.

‘ஐ டோண்ட் லைக் ஹிஸ் கமிங் லேட்’ என்பது வேறு. அவன் தாமதமாக வருவது எனக்குப் பிடிக்கவில்லை. அவனைப் பிடிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை, அவனுடைய வருகைப் பழக்கம் பிடிக்கவில்லை. ஜெரண்ட். ‘ஹிம்’ இருந்த இடத்தில் ‘ஹிஸ்’ போட முடிகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. ‘ஐ சா ஹிஸ் க்ராசிங் த ரோட்’ என்று யாரும் எழுதுவதில்லை. இன்றைய ஆங்கிலத்தில் ‘ஐ டோண்ட் லைக் ஹிம் கமிங் லேட்’ என்றும் தாராளமாகப் பேசுகிறார்கள். தேர்வில் எழுதும்போது ‘ஹிஸ்’ பாதுகாப்பானது.

எழுதும்போது வரும் பிழை

இதுவரை சொன்னது அடையாளம் காண்பதற்கு. சொந்தமாக எழுதும்போது பார்ட்டிசிபிள் ஒரு பொல்லாத பிழையைக் கொண்டுவரும். ‘வாக்கிங் அலாங் டவுன் ஹால் ரோட், த வெஸ்ட் டவர் கேம் இன்டு வியூ.’ எழுதியவர் மனத்தில் இருந்தது, டவுன் ஹால் ரோட்டில் நடந்து போகும்போது மேலக் கோபுரம் கண்ணில் பட்டது என்ற வாக்கியம். அது குறையற்ற தமிழ். ஆங்கிலத்தில் எழுதியதோ, கோபுரமே டவுன் ஹால் ரோட்டில் நடந்து வந்தது என்று பொருள்படுகிறது. வாக்கியத்தின் தொடக்கத்தில் நிற்கும் பார்ட்டிசிபிள், அடுத்து வரும் எழுவாயைப் பிடித்துக்கொள்ளும் என்பது ஆங்கிலத்தின் ஏற்பாடு. தமிழ்ப் ‘போது’ எழுவாயைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. நாம் நடக்கலாம், கோபுரம் தெரியலாம்.

இதற்குத் தமிழிலேயே மருந்து இருக்கிறது. பார்ட்டிசிபிளை மனத்துக்குள் ‘போது’ என்று மொழிபெயர்க்காதீர்கள், ‘படி’ என்று மொழிபெயருங்கள். ‘டவுன் ஹால் ரோட்டில் நடந்தபடி மேலக் கோபுரம் கண்ணில் பட்டது.’ காதில் உடனே இடறுகிறது அல்லவா? நடந்தது யார் என்று மனம் கேட்கிறது. ‘நடந்தபடி நான் கோபுரத்தைப் பார்த்தேன்’ என்றால் இடறல் இல்லை. ஆங்கிலத்திலும் அப்படியே ‘வாக்கிங் அலாங் டவுன் ஹால் ரோட், ஐ சா த வெஸ்ட் டவர்’ என்று எழுதுங்கள். அல்லது ‘ஆஸ் ஐ வாக்ட் அலாங்’ என்று முழு வாக்கியமாக்கிவிடுங்கள். ‘ஹேவிங் ஃபினிஷ்ட்’ என்று தொடங்கும் வாக்கியங்களுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு.

ஒரு பத்தியைப் பிரித்துப் பார்ப்போம்

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பயன்படுத்தலாம். இந்தப் பத்தியை நோட்டில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கீழே உள்ள விடைகளைப் பார்க்குமுன் நீங்களே ஒவ்வொன்றுக்கும் ஜெ அல்லது பா என்று குறித்துவிடுங்கள்.

‘ஸ்டாண்டிங் அட் மாட்டுத்தாவணி, ஐ வாஸ் வெயிட்டிங் ஃபார் த திருச்சி பஸ். வெயிட்டிங் இஸ் ஹார்ட் இன் மே. எ பாய் செல்லிங் வாட்டர் வென்ட் ரவுண்ட் வித்தவுட் ஸ்டாப்பிங். ஐ ஹர்ட் எ கண்டக்டர் ஷவுட்டிங். தேர் வாஸ் எ வெயிட்டிங் ரூம், பட் ஐ ப்ரிஃபர்ட் ஸ்டாண்டிங் அவுட்சைட்.’

முதல் ‘ஸ்டாண்டிங்’, நின்றபடி. அடுத்து வரும் எழுவாய் ‘ஐ’, நிற்பவரும் அவரே. பார்ட்டிசிபிள், பிழையும் இல்லை. ‘வாஸ் வெயிட்டிங்’, காத்துக்கொண்டிருந்தேன். பார்ட்டிசிபிள். அடுத்த ‘வெயிட்டிங்’ வாக்கியத்தின் எழுவாயாகவே நிற்கிறது, காத்திருப்பது கடினம். ‘இட் இஸ் ஹார்ட்’ என்று மாற்றினாலும் நிற்கும். ஜெரண்ட். ‘செல்லிங்’, தண்ணீர் விற்கும் பையன். அவனே விற்கிறான். பார்ட்டிசிபிள். ‘ஸ்டாப்பிங்’ தமிழில் ‘நிற்காமல்’ என்று எச்சமாக வந்தாலும், முன்னால் ‘வித்தவுட்’ நிற்கிறது. ஜெரண்ட். ‘ஷவுட்டிங்’ தமிழில் ‘கத்துவதை’ என்று தொழிற்பெயராக வரும். ஆனால் ‘ஹர்ட்’டுக்குப் பின்னால் ஆள், ஆளுக்குப் பின்னால் ‘இங்’. பார்ட்டிசிபிள். ‘வெயிட்டிங் ரூம்’, அறை காத்திருக்கவில்லை. ஜெரண்ட். கடைசி ‘ஸ்டாண்டிங்’, நிற்பதையே விரும்பினேன். ஜெரண்ட்.

நான்குக்கு நான்கு வருகிறது. ‘ஸ்டாப்பிங்’கிலோ ‘ஷவுட்டிங்’கிலோ தவறியிருந்தால், ப்ரெபொசிஷன் பகுதியையும் ‘பார்த்தேன், கேட்டேன்’ பகுதியையும் மட்டும் மறுபடி படித்துவிட்டு, நாளைய ஆங்கிலச் செய்தித்தாளில் ஒரு பத்தியை எடுத்து இதே முறையில் குறித்துப் பாருங்கள்.